காத்திருப்பதா, டாக்டரா, தெரபியா, ஸ்பெஷலிஸ்டா? சின்னக் குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் வந்தால்

மூன்று வயது நெருங்குகிறது, இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. இன்னொரு வீட்டில் பேச்செல்லாம் சரளமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளை ஓரிடத்தில் உட்காருவதில்லை, கோபம் வந்தால் பக்கத்துக் குழந்தையைக் கடித்துவிடுகிறது. இந்த இரண்டு வீடுகளுக்கும் கிடைக்கும் அறிவுரைகள் ஏறக்குறைய ஒன்றுதான்: கொஞ்சம் பொறுங்கள், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள், நேராக தெரபிக்குப் போங்கள், பெரிய ஸ்பெஷலிஸ்டிடம் காட்டுங்கள். இரண்டும் ஒரே பிரச்சினை இல்லை என்பதால், ஒன்றுக்குச் சரியான வழி மற்றதற்கு வீண் அலைச்சலாகலாம்.

முதலில் காத்திருப்பது. "அவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இரண்டு வயதில் பேச்சு பின்தங்கிய குழந்தைகளில் பலர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், எந்தக் குழந்தை எட்டிப்பிடிக்கும் என்று முன்கூட்டியே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில அறிகுறிகள் தெம்பு தரும்: சொல்வதைப் புரிந்துகொள்கிறது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறது, பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போன்ற பாவனை விளையாட்டு இருக்கிறது. இவையெல்லாம் இருந்து பேச்சு மட்டும் தாமதம் என்றால் கொஞ்சம் நிதானிக்கலாம். அப்போதும் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டுதான். பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போனாலோ, முன்பு செய்ததை இப்போது செய்யாவிட்டாலோ, ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. தன் வளர்ச்சிப் படிநிலைப் பட்டியலை 2022-ல் திருத்தியது. பொதுவாக இத்தகைய பட்டியல்கள் பாதிக் குழந்தைகள் எட்டும் வயதை அளவாக வைப்பவை. அதனால் பட்டியலில் தவறினாலும், மீதிப் பாதியில் நம் பிள்ளையும் ஒன்று என்று மனதைத் தேற்றிக்கொள்ள இடமிருந்தது. புதிய பட்டியல் 75 சதவீதமோ அதற்கு மேலோ குழந்தைகள் எட்டிவிடும் வயதைக் குறிக்கிறது. அதில் ஒன்று தவறினாலே யாரிடமாவது பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். சும்மா காத்திருப்பதற்கு ஆதரவான வாதம் இதோடு பாதி அடிபட்டுவிடுகிறது.

அடுத்தது, பிறந்ததிலிருந்து பார்த்துவரும் குழந்தை நல மருத்துவர். இவரிடம் இருக்கும் பெரிய பலம், பிள்ளையின் பழைய கதை தெரியும். காது, கண், தூக்கம், இரும்புச்சத்துக் குறைவு, வலிப்பு என்று உடல் சார்ந்த காரணங்களைச் சலித்துப் பார்ப்பதும் இவர் வேலை. எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியலை நிரப்பச் சொல்லலாம். அது 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கானது, பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் சிரமம் தரும் வளர்ச்சி வேறுபாடான ஆட்டிசத்துக்கான முதல்கட்டச் சல்லடை மட்டுமே. அதிக மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் உறுதி என்றோ, குறைவாக வந்தால் ஒன்றுமே இல்லை என்றோ பொருளில்லை. பலவீனம், நேரம். பத்து நிமிடச் சந்திப்பில் பிள்ளை அம்மாவின் மடியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், டாக்டர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். வீட்டில் நடப்பதை மொபைலில் இரண்டு மூன்று சின்ன வீடியோவாக எடுத்துப் போவது எவ்வளவோ விளக்கத்தை மிச்சப்படுத்தும். அப்படியும் "சரியாகிவிடும்" என்று மட்டும் சொன்னால், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார், எந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் அடுத்து என்ன என்று கேட்டுவிடுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வேறொருவரிடம் போகலாம்.

காது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேச்சுத் தாமதம் உள்ள எந்தக் குழந்தைக்கும் முறையான செவித்திறன் பரிசோதனை அவசியம். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறது, டிவி பாட்டுக்கு ஆடுகிறது, அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவுகட்டுவது சரியல்ல. சில ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் ஒரு வாரம் கேட்கும், மறுவாரம் மந்தமாகும். பிள்ளை ஒத்துழைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பெரா என்ற பரிசோதனையைத் தூங்கும்போதே செய்துவிடலாம்.

மூன்றாவது வழி, டாக்டரைத் தாண்டி நேராக ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுப் பயிற்சியாளர்) அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்கும் புலன் உணர்வுக்கும் பயிற்சி தருபவர்). இப்போது பலர் போவது இந்த வழிதான், காரணமும் நியாயமானது: நோயின் பெயர் தெரியாமலேயே வேலை தொடங்கிவிடும். பேசாத குழந்தைக்குப் பேச்சைத் தூண்டும் பயிற்சி, காரணம் எதுவானாலும் பெரும்பாலும் பயனுள்ளது. ஆனால் ஒவ்வொரு தெரபிஸ்டும் தன் துறைக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார். அதே பிள்ளைக்கு ஒருவர் வாய்த் தசைப் பிரச்சினை என்பார், இன்னொருவர் புலன் உணர்வுச் சிக்கல் என்பார். முழுப் படத்தையும் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது.

நல்ல தெரபிஸ்டை எப்படிக் கண்டுபிடிப்பது? என் அளவுகோல் ஒன்றுதான்: பெற்றோரை உள்ளே உட்காரவைக்கிறாரா, வீட்டில் செய்யக் கற்றுத்தருகிறாரா. மூன்று வயதுக் குழந்தை ஒரு வாரத்தில் விழித்திருப்பது 80 மணி நேரம் போல வரும். அதில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் மூடிய கதவுக்குள் நடப்பது பெரிதாக எதையும் மாற்றாது. மொத்தமாக முன்பணம் கேட்பதும் "முழுவதும் குணமாக்குகிறோம்" என்று வாக்குக் கொடுப்பதும் எழுந்து வந்துவிட வேண்டிய இடங்கள். கனஉலோகத்தை நீக்கும் கீலேஷன், ஸ்டெம் செல், அழுத்த ஆக்சிஜன் அறை போன்றவையும் அதே கணக்குதான். 2005-ல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் கீலேஷன் சிகிச்சையின்போது இறந்தே போனான்.

கடைசி வழி ஸ்பெஷலிஸ்ட். குழந்தை வளர்ச்சி மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் மூவரையும் இதில் சேர்க்கிறேன். முதல் இருவரும் மருந்து எழுதலாம். உளவியலாளர் பொதுவாக எழுத மாட்டார், ஆனால் விரிவான சோதனைகளைச் செய்பவர் பெரும்பாலும் அவர்தான். ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. பிள்ளையோடு விளையாடிப் பார்ப்பதும், பெற்றோரிடம் நீண்ட நேரம் கேட்பதும்தான் வழி. அடாஸ் என்ற விளையாட்டு வழி மதிப்பீட்டுக்கு மட்டுமே 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். எனவே கால் மணி நேரத்தில் "ஆட்டிசம்தான்" என்றாலும் "நிச்சயமாக இல்லை" என்றாலும் எனக்கு நம்பிக்கை வராது. அனுபவமுள்ளவர்கள் இரண்டு வயதிலேயே ஆட்டிசத்தை நம்பகமாக அடையாளம் காண முடியும். குறை, வரிசை. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும்.

அந்த வரிசையில் நிற்பது யாருக்கு லாபம்? கண்ணோடு கண் பார்ப்பது, பெயருக்குத் திரும்புவது, பிடித்ததை மற்றவருக்குக் காட்டிப் பகிர்வது, மற்றவரோடு சேர்ந்து விளையாடுவது இவற்றில் சந்தேகம் என்றால் கட்டாயம் நில்லுங்கள். ஓயாத ஓட்டமும் அடம்பிடிப்பும் கடியும் மட்டும்தான் என்றால் அவ்வளவு அவசரமில்லை. கவனச் சிதறலும் அளவுமீறிய துறுதுறுப்பும் கொண்ட ஏ.டி.ஹெச்.டி.க்கான அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் நான்கு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. நான்கு, ஐந்து வயதில் முதல் சிகிச்சையாக அது சொல்வது மாத்திரை அல்ல, பிள்ளையின் நடத்தையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சி. மூன்று வயதில் பெயர் எதுவானாலும் செய்யப்போவது அதையேதான். அறிகுறிகள் வீட்டில் மட்டுமின்றி இன்னோர் இடத்திலும் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அங்கே மழலையர் பள்ளி ஆசிரியரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அதே வயதுக் குழந்தைகளை நாள் முழுக்கப் பார்ப்பவர் அவர். "ஹைப்பர்" என்று அவர் பெயர் சூட்டுவதைக் கண்டுகொள்ள வேண்டாம். எப்போது, எதற்கு முன்னால், எத்தனை முறை நடக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆக, ஒரே வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். ஒரே வாரத்தில் காதுப் பரிசோதனைக்கு நாள் வாங்கி, ஸ்பெஷலிஸ்ட் வரிசையிலும் பெயர் கொடுத்து, அந்த இடைவெளியில் தெரபியைத் தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. முறை வரும்போது பிரச்சினை தானாகத் தீர்ந்திருந்தால் ரத்து செய்துகொள்ளலாம். முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயந்து பெயரே கொடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. பல இடங்களில் உதவித்திட்டங்களும் பள்ளிச் சலுகைகளும் பிரச்சினையின் பெயரை உறுதிசெய்யும் சான்றிதழைக் காட்டினால்தான் கிடைக்கும். பிள்ளை வளர்ந்தபின் மறுமதிப்பீடு செய்து அதை மாற்றவும் முடியும்.

ஸ்பெஷலிஸ்டும் தெரபிஸ்டும் வேறு வேறு சொன்னால், இருவரிடமும் எழுத்தில் அறிக்கை கேளுங்கள். எந்தச் சோதனை, எத்தனை நேரம், பிள்ளை என்ன செய்ததை வைத்து இந்த முடிவு என்பது அதில் இருக்க வேண்டும். எழுதித் தரத் தயங்குபவரின் முடிவை நான் ஓரமாக வைத்துவிடுவேன்.