வடிகஞ்சியா, பருப்பு சாதமா? குழந்தை உணவில் எதைக் குறைப்பது

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பல வீடுகளில் முதலில் ஊட்டுவது வடிகஞ்சிதான். சோறு வடித்த கஞ்சியில் கொஞ்சம் உப்பு. லேசானது, செரிக்கும் என்பார்கள். செரிப்பது உண்மைதான். ஆனால் அந்த வயதுக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். தண்ணீரான கஞ்சி அதை நிரப்பிவிட்டால் தாய்ப்பாலுக்கும் இடமிருக்காது, பருப்புக்கும் இடமிருக்காது. பிள்ளை அழாமல் தூங்கிவிடும்; எடை ஏறாது.

அதே அடுப்பில் குழைய வெந்த சோற்றையும் பாசிப்பருப்பையும் மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டுக் கொடுத்துப் பாருங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும். சம்பா அறுப்புக்கு முன்பே அதே வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊர் இது. பருப்புக்கு இங்கே பஞ்சமில்லை. உப்பு தனியாகப் போட வேண்டாம். ஒரு வயது வரை நாளுக்கு 1 கிராமுக்கும் குறைவாகத்தான் உப்பு சேர வேண்டும் என்பதால், அது இல்லாமலே பழகட்டும்.

கேழ்வரகா, டின் மாவா என்று கேட்டால், இரண்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. டின் மாவில் இரும்புச்சத்து சேர்த்திருப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் சிலவற்றில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும், அட்டையைப் படித்துதான் வாங்க வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசி அதற்குப் பக்கத்தில்கூட வராது. முளைகட்டி அரைத்தால் இன்னொரு லாபம்: முளையில் வரும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கூழ் கெட்டிப்படாது. அதனால் அதே கிண்ணத்தில் கூடுதலாக மாவு சேர்க்கலாம். என் ஓட்டு முளைகட்டிய கேழ்வரகுக்குத்தான். கூடவே பருப்பு, கீரை, முட்டை என்று இரும்புச்சத்துக்கும் வழி செய்துவிட வேண்டும்.

வீட்டில் மாடு கறக்கிறது என்பதற்காகத் தாய்ப்பாலைக் குறைத்துப் பசும்பாலை ஊற்றுவது ஒரு வயதுக்கு முன் சரியில்லை. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. போதாததற்கு, சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும். தண்ணீர் கலந்தால் இருக்கிற சத்தும் போகும். சாதத்தில் ஒரு கரண்டி தயிர் பிசைவதில் தவறில்லை. டீ, காபியில் பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பதை அடியோடு விட்டுவிடலாம். டீயின் துவர்ப்புச்சத்து உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது.

இனிப்பில் தேனா, கருப்பட்டியா, சீனியா? இங்கே ஆபத்தானது தேன். ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டு வைப்பதுகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே திணறலாம். கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பு தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தைப் பெரியவர்கள் ஆசையோடு செய்கிறார்கள், அவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். கருப்பட்டியும் சீனியும் அந்த அளவு ஆபத்தில்லை, ஆனால் இரண்டும் சர்க்கரைதான். இரண்டு வயது வரை மசித்த பூவன்பழத்தின் இனிப்பு போதும்.

நாகப்பட்டினக் கரையில் மீன் விஷயம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்கிற வீட்டில் அதையே குழந்தைக்கும் ஊட்டத் தோன்றும். சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும், குழந்தைக்கு வேண்டாம். மத்தியும் நெத்திலியும் மேல், முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டால் போதும். கருவாடு வேண்டாம், அத்தனையும் உப்பு.

வேர்க்கடலையை முழுதாக ஐந்து வயது வரை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். நைசாக அரைத்துக் கூழில் கலந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகே கொடுக்கலாம். குழந்தைக்குக் கடுமையான கரப்பானோ உணவு ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.