விற்கப்போகும் சான்ட்ரோவுக்கு எதைச் செய்வது, எதை விடுவது?

எங்கள் வீட்டு ஹூண்டாய் சான்ட்ரோ கார் 2010 மாடல். இருங்காட்டுக்கோட்டையில் பிறந்து, திருச்சிக்கு வந்து, ஒரே கையில் ஓடிய வண்டி. விற்பது என்று முடிவெடுத்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "ஒத்தப் பைசா போடாதீங்க மாமா, அப்படியே கன்சல்டிங்ல தள்ளிவிடுங்க" என்றான் மைத்துனன். பழைய கார்களை வாங்கி விற்கும் கடையைத்தான் கன்சல்டிங் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "முழுசா பெயிண்ட் அடிச்சு நிறுத்துங்க, பத்து பேர் வந்து நிப்பான்" என்றார். பதினைந்து வருஷமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாய் மட்டும் யோசனை எதுவும் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்: "எஃப்.சி. எப்ப சார் முடியுது?" வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சோதித்து ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) நீட்டிப்பதைத்தான் எஃப்.சி. எடுப்பது என்கிறோம்.

அப்படியே கொடுப்பது, பெயிண்ட் அடித்துக் கொடுப்பது, எஃப்.சி. எடுத்துக் கொடுப்பது என்று மூன்று வழிகளையும் பேப்பரில் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு நான் நினைத்த மாதிரி வரவில்லை.

அப்படியே கொடுப்பது

மைத்துனன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கன்சல்டிங் வைத்திருப்பவருக்குச் சொந்தமாக டிங்கரும் பெயிண்டரும் கைவசம் இருப்பார்கள். நமக்கு 6,000 ஆகும் வேலை அவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் முடியும். ஆனால் விலை பேசும்போது அவர் கழிப்பது வேலைக்கான செலவை அல்ல. செலவு, அதற்குமேல் லாபம், அதற்கும்மேல் "உள்ளே வேறு என்ன இருக்குமோ" என்ற சந்தேகம், மூன்றையும் சேர்த்துக் கழிக்கிறார். முன்சக்கரத்தில் 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் அது லிங்க் ராட் புஷ்ஷாக இருக்கலாம், மாற்ற ஆகும் செலவு சொற்பம். வாங்க வந்தவர் காதுக்கோ அது ஸ்டியரிங் ராக் முதல் லோயர் ஆர்ம் வரை எல்லாமாகவும் கேட்கும்.

அதனால் சின்ன பழுது இருக்கும் வண்டியை அப்படியே கொடுப்பது நஷ்டம். பெரிய பழுது இருந்தால் கணக்கு தலைகீழ். ஹெட் கேஸ்கட் போய்விட்டது, கியர்பாக்ஸ் உறுமுகிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றால் நாம் கைவைக்கக் கூடாது. போட்ட காசு திரும்பாது. அதோடு, இன்ஜின் பிரித்த வண்டி என்றாலே வாங்குபவர் ஒரு அடி பின்வாங்குவார். பழுதை வாய்விட்டுச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்வதே மேல். என் வண்டியில் பெரிய பழுது எதுவும் இல்லை. சில்லறைதான் ஏகப்பட்டது.

பெயிண்டா, பாலிஷா

பக்கத்து வீட்டுக்காரர் யோசனையில்தான் நானும் முதலில் மயங்கினேன். பின் கதவில் கீறல், இடது ஃபெண்டரில் ஒரு நசுங்கல், போனட்டில் வெயிலில் வெளுத்த திட்டு. முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்க டிங்கரிங்கோடு சேர்த்துக் கேட்ட விலை, வண்டிக்குக் கிடைக்கக்கூடிய விலையில் நாலில் ஒரு பங்கு.

காசைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. பழைய வண்டி வாங்கத் தெரிந்தவர் கதவை விரல்மடக்கால் தட்டிப் பார்ப்பார். தகரம் ஒரு மாதிரி ஒலிக்கும், அடியில் பட்டி (நசுங்கலை நிரப்பப் பூசும் பசை) இருந்தால் மொத்தென்று கேட்கும். சிலர் சட்டைப்பையில் காந்தத்தோடே வருகிறார்கள், கனமாகப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. கதவு ரப்பர் பீடிங்கை இழுத்து ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். போனட் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம் தேடுவார்கள். பதினைந்து வயது வண்டி புதுசு போல மின்னினால், "எங்கே அடிவாங்கியது?" என்பதுதான் அவர்கள் முதல் கேள்வியாக இருக்கும். ஒரிஜினல் பெயிண்டில் நாலு கீறல் இருப்பது வண்டிக்கு ஒரு நற்சான்று. எங்கே இடித்தது, எங்கே இடிக்கவில்லை என்பதை அதுவே காட்டிவிடும்.

ஆகவே ரப்பிங் பாலிஷோடு நிறுத்திக்கொண்டேன். அதோடு ஹெட்லைட் கண்ணாடியில் படிந்திருந்த மஞ்சளையும் நீர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தாயிற்று. (டூத்பேஸ்ட் வைத்தியத்தையும் செய்து பார்த்தேன். ஒரு வாரம் தாங்கியது.) செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இந்த ஹெட்லைட் வேலைக்கு இணையாக வேறொன்றும் இல்லை. கண் தெளிந்த மாதிரி வண்டிக்கு முகமே மாறிவிட்டது.

இன்ஜினுக்கு வாட்டர் வாஷ் செய்யச் சொன்னவர்களும் உண்டு. செய்யவில்லை. பளிச்சென்று கழுவிய இன்ஜினைப் பார்த்தால் ஆயில் கசிவை மறைத்திருக்கிறார்கள் என்று நினைக்காத மெக்கானிக் கிடையாது.

டயரும் ஏ.சி.யும்

டயர் நாலும் மாற்ற 15,000 பக்கம் ஆகும். பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) இன்னும் இருந்தது, ஆனால் டயருக்கு வயது ஆகிவிட்டது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. இது தெரிந்தவரிடம் பட்டனைக் காட்டிப் பயனில்லை. புது டயர் போட்டாலும் அந்தக் காசு முழுதாக விலையில் ஏறாது. வாங்குபவர் தனக்குப் பிடித்த கம்பெனியில் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கம்பி தெரிந்தாலோ பக்கவாட்டில் வீக்கம் இருந்தாலோ விட்டிருக்க மாட்டேன், ஓட்டிப் பார்க்க வருபவரின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

ஏ.சி.க்கு வேறு கணக்கு. நம் ஊர் வெயிலில் ஏ.சி. வேலை செய்யாத காரை ஓட்டிப் பார்ப்பவர் ஐந்தே நிமிஷத்தில் இறங்கிவிடுவார். கேஸ் மட்டும் குறைந்திருந்தால் நிரப்பிவிடலாம். கம்ப்ரஸரே போயிருந்தால் சொல்லிவிட்டு விலையில் விட்டுக்கொடுக்கலாம். என் வண்டிக்குக் கேஸோடு முடிந்தது.

பிரேக்கும் டைமிங் பெல்ட்டும்

பிரேக் பேட், பின்பக்க ஷூ, பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றினேன். இதில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

பாயும் நானும் நெடுநேரம் வாதாடியது டைமிங் பெல்ட்டுக்காக. இன்ஜினுக்குள் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் பட்டை அது. சான்ட்ரோவின் 1,086 சி.சி. இன்ஜினில் இருப்பது பெல்ட். ஆல்ட்டோ கே10, வேகன்ஆர் போன்றவற்றில் வரும் கே10 இன்ஜினில் செயின். செயின் வண்டிக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. பெல்ட் ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடித்து, வால்வு வளைந்து, ஹெட்டையே இறக்க வேண்டிய நிலை வரலாம். என் பெல்ட்டை மாற்றி வருஷங்கள் ஓடிவிட்டன. "விக்கிற வண்டிக்கு எதுக்கு சார்? யாரும் பார்க்கவே முடியாது" என்றார் பாய். உண்மைதான், அது கவருக்குள்ளே இருக்கிறது. பாலிஷ் போட்டால் கண்ணுக்குத் தெரியும், பெல்ட் பில்லில் மட்டுமே தெரியும்.

மாற்றினேன். கணக்குப்படி இது தப்பாக இருக்கலாம். இந்த வண்டியில்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்கும் மகளைப் பள்ளிக்கும் கூட்டிப்போனேன். ஒரு நாள்கூட நடுரோட்டில் நிறுத்தியதில்லை. அடுத்தவரையும் அது நிறுத்தக் கூடாது என்று பட்டது. பில்லை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்தேன்.

எஃப்.சி. எடுத்துவிட்டு விற்பதா, எடுக்காமலா

பாய் கேட்ட கேள்விதான் கடைசியில் எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருந்தது. சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம். அதற்குமேல் ஓட்ட வேண்டுமானால் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வாளரிடம் காட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு 60 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். இதற்கான மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி.

எடுக்காமல் விற்றால் இந்தச் செலவும் அலைச்சலும் மிச்சம். ஆனால் வாங்க வருபவர்களில் பாதிப் பேர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்றாலே பயந்துவிடுகிறார்கள். "பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னா உடைச்சிடணுமாமே?" என்று என்னிடமே ரெண்டு பேர் கேட்டார்கள். பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 வருஷம் என்பது டெல்லித் தலைநகர் பகுதிக்குப் போட்ட கட்டுப்பாடு. இங்கே ஆய்வில் தேறிவிட்டால் ஓட்டலாம். இதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருப்பதைவிட ஐந்து வருஷம் நீட்டித்த ஆர்.சி.யைக் கையில் கொடுத்துவிடலாம். செய்த வேலைகளிலேயே போட்ட காசைவிட அதிகமாகத் திருப்பித் தந்தது இது ஒன்றுதான். ஆய்வுக்கு லைட், பிரேக், ஹாரன் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதால், பாதி சில்லறை வேலை அந்தச் சாக்கிலேயே முடிந்தும்விட்டது.

ஸ்க்ராப் கொடுப்பதையும் எட்டிப் பார்த்தேன். பதிவுபெற்ற மையத்தில் கொடுத்தால் கிடைக்கும் சான்றிதழைக் காட்டிப் புது வண்டி வரியில் சலுகை பெறலாம். அடித்தளம் துருப்பிடித்து இற்றுப்போன வண்டிக்கு அது நல்ல வழி. ஓடுகிற வண்டியை அனுப்ப மனசு வரவில்லை.

கைமாறிய பிறகு

வாங்கியவர் ஶ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். கூடவே தன் மெக்கானிக்கையும் அழைத்து வந்தார். அந்த மெக்கானிக் முதலில் போனட்டில் கைவைத்து இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் குளிர்ந்த நேரத்துக் கோளாறு தெரியாது அல்லவா? பாலிஷை இருவரும் கவனித்ததாகவே தெரியவில்லை. பில் ஃபைலை மட்டும் ஆசிரியர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். டைமிங் பெல்ட் பில் வந்ததும் மெக்கானிக்கிடம் நீட்டினார், அவர் தலையாட்டினார். பேரம் அதற்குப் பிறகு நீளவில்லை.

கன்சல்டிங்கில் கொடுத்தால் பணம் அன்றே வரும், ஆனால் அவர் அதை வேறொருவருக்கு விற்கும்வரை ஆர்.சி. நம் பெயரிலேயே கிடப்பதும் உண்டு. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், நஷ்டஈட்டுக்குப் பதிவில் இருக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. அதனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல், ஆசிரியரோடு நானும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் வந்தேன். இன்சூரன்ஸின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டிக்கு உரியதல்ல, நமக்கு உரியது. கம்பெனியில் அதற்கான கடிதம் வாங்கிவைத்தால் மூன்று வருஷத்துக்குள் அடுத்த காருக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு யோசித்தவன் ஃபாஸ்டேக்கை மறந்துவிட்டேன். சமயபுரம் சுங்கச்சாவடியில் என் கணக்கிலிருந்து காசு போன மெசேஜ் வந்தபோதுதான் ஆசிரியர் வண்டியை நெடுஞ்சாலையில் எடுத்துவிட்டார் என்று தெரிந்தது. வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டு, அன்று சாயங்காலமே டேக்கை மூடினேன்.