காத்திருப்பா, ஓட்டமா, ஊசியா?

சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனின் பள்ளியில் உயரமும் எடையும் பார்த்துவிட்டு, எடை அதிகம் என்று கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அன்றிரவே வீட்டில் கட்சி பிரிந்தது. "வளரும் பிள்ளை, அவனை விடு" என்றார் மாமியார். "தேசிய சேவைக்கு, ராணுவப் பயிற்சிக்குப் போனால் தானாக இளைத்துவிடுவான் அக்கா" என்றான் தம்பி. கணவர் வாயே திறக்கவில்லை.

சேவைக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. கல்லீரலில் சேரும் கொழுப்பும் சர்க்கரை நோயும் அதுவரை பொறுத்திருக்குமா? அவன் பிடரி கறுத்திருந்ததை அழுக்கென்று நினைத்து, மாதக்கணக்கில் கடலை மாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது என்று மருத்துவர் சொன்னபோது கூசிப்போனேன். காத்திருக்கும் யோசனையை அன்றே கைவிட்டேன்.

அடுத்து, பட்டினி. அவனுக்கு மட்டும் கால் தட்டுச் சோறு, எங்களுக்குப் பிரியாணி. இரண்டே வாரம். பள்ளிப் பையின் அடியில் பிஸ்கட் உறைகள் கிடைத்தன. உயரம் கூடிக்கொண்டிருக்கும் வயதில் எடையைத் தடாலடியாகக் குறைக்க வேண்டியதில்லை; பல பிள்ளைகளுக்கு எடை ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

ஓட்டத்தைப் பற்றிப் பேசினால் கணவரின் மௌனத்துக்குக் காரணம் புரியும். 1992இல் பள்ளிகளில் தொடங்கிய 'டாஃப்' (TAF) திட்டத்தின் பிள்ளை அவர். எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். அந்தப் பெயரைத் திருப்பிப் படித்தால் 'ஃபாட்' (FAT), அதாவது குண்டு; பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? 2007இல் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தாம் இடைவேளையில் திடலைச் சுற்றியதும், நண்பர்கள் உணவகத்தில் உட்கார்ந்து பார்த்ததும் அவருக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. ஓட்டத்தில் குற்றமில்லை. என் மகன் வயதினர் நாளுக்கு 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதயத்துக்கும் தூக்கத்துக்கும் அது நல்லது. ஆனால் அரைமணி நேரம் ஓடிக் கரைத்ததை ஒரு பெரிய பபிள் டீ திருப்பிக் கொடுத்துவிடும்.

எடை குறைப்பு ஊசியைப் பற்றி உறவினர்கள் காதோடு காதாகப் பேசுகிறார்கள். வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடை 201 இளையர்களிடம் 68 வாரம் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் எடைக் குறியீடு சராசரியாக 16.1 விழுக்காடு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 0.6 விழுக்காடு கூடியது. சாதாரணக் கணக்கில்லை இது. கடுமையான உடற்பருமன் உள்ள பிள்ளைக்கு அதைச் சோம்பேறியின் வழி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குமட்டலும் வாந்தியும் சகஜம். நிறுத்தினால் எடை திரும்பும். முடிவு மருத்துவருடையது. என் மகனுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

மிஞ்சியது குடும்பத்தோடு செய்யும் சிகிச்சை. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் இதற்கென்றே சேவை உண்டு. இதில் மெதுவாகத்தான் பலன் கிடைக்கும், பொறுமையைச் சோதிக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2023 வழிகாட்டி, மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் குறைந்தது 26 மணி நேரம் நேரில் பேசிப் பழக்க வேண்டும் என்கிறது. அலுவலக விடுப்பைக் கணக்குப் பார்க்கும் பெற்றோருக்கு அது தலைவலிதான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. நான் பார்த்த வழிகளில் இது ஒன்றுதான் பிள்ளையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. எல்லாருடைய தட்டையும் கேட்டது.

முதலில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தோம். இங்கே பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் உண்டு; சீனியில் 'டி' தரம் என்றால் நூறு மில்லிலிட்டரில் பத்து கிராமுக்கு மேல் சீனி. அரை லிட்டர் போத்தலில் பத்துத் தேக்கரண்டிக்கு மேல்! மகன்தான் அளந்து ஒரு கிண்ணத்தில் கொட்டிக் காட்டினான். கணவர் இப்போது கோப்பிக் கடையில் 'தே ஓ கோசோங்', அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர் கேட்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. மாமியாரின் தேநீரில் சீனி இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றாகிவிட்டது. அதற்காக அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.