சாக்ஸபோன் சாதகம்: மெட்ரோனோமா, சுருதிப்பெட்டியா?

சாதகத்துக்குச் சீராகத் தட்டு கொடுக்கும் மெட்ரோனோமை வைப்பதா, ஆதார சுருதியை ஒலிக்கும் சுருதிப்பெட்டியை வைப்பதா? பாலக்காட்டுப் பக்கம் சாக்ஸபோன் கற்கும் பிள்ளைகள் இதைத்தான் அடிக்கடி கேட்கிறார்கள்.

செலவு: இரண்டுமே செல்போனில் இலவசம். அதை விடுங்கள்.

விரலுக்கு: மெட்ரோனோம்தான். ஆல்ட்டோ வகை சாக்ஸபோனில் நடு சி ஸ்வரத்துக்கு ஒரே விரல். அடுத்த டி-க்கு ஆறு விரலும் ஆக்டேவ் சாவிக்கான கட்டைவிரலும் ஒன்றாக விழவேண்டும். ஒரு விரல் பிந்தினாலும் நடுவில் கள்ள ஸ்வரம் ஒன்று எட்டிப் பார்க்கும். நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து அந்த இரண்டை மட்டும் மாற்றி மாற்றி வாசியுங்கள். சுத்தமாக வந்தால் 64. முழு வரிசையையும் மடமடவென்று ஓட்டுவது வீண்.

காதுக்கு: சுருதிப்பெட்டி. ஆல்ட்டோவின் சி-யை ஷட்ஜமாக (ஸ) கொண்டால் சுருதி 2½ கட்டை. அதே நடு டி பெரும்பாலும் சுருதிக்குச் சற்று ஏறித்தான் பேசும். உதட்டைக் கொஞ்சம் தளர்த்தி இறக்கவேண்டும். மெட்ரோனோம் இதைச் சொல்லாது.

அக்கம்பக்கம்: கல்பாத்தி மாதிரி சுவரொட்டிய வீடுகளில் எதை வைத்தாலும் பக்கத்து வீட்டு மாமிக்கு ஒன்றுதான்.

புதிதாக ஊதுகிறவர்களுக்குச் சுருதிப்பெட்டியும் நீண்ட ஸ்வரங்களும். அலங்காரம் என்ற ஸ்வரப் பயிற்சி இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) தடுக்குகிறதா, மெட்ரோனோம். இரண்டையும் ஒரே நேரத்தில் நான் போடுவதில்லை. காது ஒன்றில்தான் நிற்கிறது.