டர்போ அப்கிரேடுக்கு 2,60,000 ரூபா குடுத்தேன், இன்ஜெக்டரைத் தொடவே இல்ல. வண்டிய கராஜ்ல விடறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

மக்களே, நேத்து சாயங்காலம் ஈரோட்டுல ஒரு பட்டறையில என் வண்டியோட மூணாவது பிஸ்டனை ஒரு பெரியவர் என் கைல எடுத்து குடுத்தாருங்க. ரிங்குக்கும் ரிங்குக்கும் நடுவுல மெல்லிசா ஒரு வரம்பு இருக்கும் பாருங்க, அதுல சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு காணோம். பக்கத்துலயே நாலு இன்ஜெக்டர (இன்ஜினுக்குள்ள பெட்ரோல் தெளிக்கற முனை) வரிசையா துணி மேல வச்சிருந்தாரு. நாலும் கம்பெனில வந்த அதே பழைய இன்ஜெக்டர். அத மாத்தறதுக்குன்னு நான் 28,000 ரூபா குடுத்திருக்கேன், எல்லா வேலைக்கும் சேத்து மொத்தமா 2,60,000 ரூபா. ராத்திரி பூரா தூக்கம் இல்ல, அதான் விடிஞ்சதும் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

வண்டி ஃபியட் லீனியா டி-ஜெட், 2011 மாடல், 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல். அப்பா மில்லுல இருந்து ரிட்டையர் ஆனப்ப வந்த பணத்துல வாங்குனது. கம்பெனில இருந்து வரப்ப 114 குதிரை சக்தி, 207 நியூட்டன் மீட்டர் டார்க். ஃபியட் இங்க கடைய மூடி வருஷமாச்சு, இருந்தும் இந்த வண்டிய விக்க மனசு வரல, அந்த ஸ்டீயரிங் வேற எதுலயும் வராது, ஓட்டுனவங்களுக்கு தெரியும். பழைய டர்போ (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி தள்ற சாமான்) விசில் அடிக்க ஆரம்பிச்சுது, எப்படியும் மாத்தணும், மாத்தறப்ப கொஞ்சம் பெருசாவே போட்டுக்கலாம்னு நினைச்சேன்.

அப்பத்தான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு பெர்ஃபார்மன்ஸ் கராஜ் கண்ணுல பட்டுச்சு. பேர் சொல்லல, வக்கீல் இப்ப வேண்டாம்னுட்டாரு. ரீல்ஸ் போட்டு ஆள் புடிக்கற இடம், வாசல்ல எப்பவும் நாலஞ்சு பளபள வண்டி நிக்கும், உள்ள எபாக்ஸி தரை, டைல்ஸ் சுவரு. நான் நம்புனது அந்த தரைய பாத்து இல்லீங்க, அந்த கராஜ் ஓனர் பேசுன பேச்ச பாத்து. நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவரே சொல்றாரு, "ப்ரோ, வெறும் டர்போவ மட்டும் மாத்திக் குடுக்கற ஆள் நான் இல்ல. 114ல இருந்து 170க்கு போறோம்னா பாதிக்கு பாதி காத்து கூட உள்ள போகுது, அந்த காத்துக்கு ஏத்த பெட்ரோல் போகலன்னா இன்ஜின் லீனா ஓடி பிஸ்டன் உடையும். இன்ஜெக்டர், பம்ப், ப்ளக், ஆயில் பைப், காத்த குளுமையாக்கற இன்டர்கூலர் எல்லாம் சேத்து பண்ணாத்தான் பண்ணுவேன், இல்லன்னா வண்டிய எடுத்துட்டு போயிருங்க."

இத கேட்டா யாரு நம்ப மாட்டாங்க? சொன்னதுல ஒரு வார்த்தை தப்பு கிடையாது. அதுதான் எனக்கு இப்ப வயிறு எரியுது, தெரியாம பண்ணல, இத போடலன்னா எது உடையும்னு துல்லியமா தெரிஞ்சு எனக்கே பாடம் எடுத்துட்டு, அதையே போடாம விட்டிருக்கான்.

புது டர்போவ பெட்டிய பிரிச்சு காட்டுனாரு, விரலால கம்ப்ரெஸர் வீலை சுத்தி பாக்க சொன்னாரு, வெண்ணெய் மாதிரி சுத்துச்சு. டீ வரவச்சாரு. அப்பா வண்டின்னு சொன்னதும், "அப்ப இது என் அப்பா வண்டி மாதிரி, கவலைய விடுங்க"ன்னாரு. யூபிஐல ஒரே நாள்ல ஒரு லட்சத்துக்கு மேல போகலன்னு அன்னைக்கு ஒரு லட்சம், மறுநாள் அறுபதாயிரம், டெலிவரி அன்னைக்கு மீதி ஒரு லட்சம். கணக்கு வாட்ஸப்ல வந்துச்சு: டர்போ 1,05,000, இன்டர்கூலரும் பைப்பும் 42,000, இன்ஜெக்டர் 28,000, ஃப்யூயல் பம்ப் 14,000, ஆயில் பைப், வாட்டர் பைப், கேஸ்கட் எல்லாம் 13,000, ப்ளக் 6,000, ரீமேப்பும் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தறது) டைனோவும் (பவர அளக்கற மெஷின்) 32,000, லேபர் 20,000. கூட்டி பாருங்க, 2,60,000. ஜிஎஸ்டி பில் கேட்டதுக்கு, "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் உங்க தலைல விழும் ப்ரோ"ன்னாரு, நானும் சரின்னுட்டேன்.

டெலிவரி எடுத்தப்ப வண்டி பறந்துச்சு, அத மறைக்க மாட்டேன். பெரிய டர்போ, புது இன்டர்கூலர், ரீமேப்புல பூஸ்ட (டர்போ தள்ற காத்தோட அழுத்தத்த) ஏத்தி வச்சிருக்கான், இழுக்காம என்ன பண்ணும். டைனோ ஷீட் கேட்டேன், போட்டோ அனுப்புனாரு, 168ன்னு போட்டிருந்துச்சு, அந்த நம்பர மட்டும் பாத்து சந்தோஷப்பட்டு அப்பாவுக்கும் அனுப்பினேன். அந்த போட்டோவ நேத்துதான் ஒழுங்கா பாத்தேன். அந்த கிராஃப் 4,700 ஆர்பிஎம்லயே முடிஞ்சுடுது! பவர் உச்சம் 4,000 கிட்ட. அது டீசல் வண்டியோட கிராஃப்ங்க. என் வண்டி பெட்ரோல், 6,000 தாண்டி சுத்தும். யாரோ ஒருத்தரோட டீசல் கார் ஷீட்ட வெட்டி எனக்கு அனுப்பியிருக்கான், என் வண்டி டைனோ மேல ஏறவே இல்ல. ஏஎஃப்ஆர் லாக் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்து போகுதுங்கற பதிவு) குடுங்கன்னு அப்பவே கேட்டேன், "அது உங்களுக்கு புரியாது ப்ரோ, நான் பாத்துட்டேன், பக்காவா இருக்கு"ன்னுட்டாரு.

பத்தொம்பதாவது நாள், மொத்தமா 1,100 கிலோமீட்டர் கூட ஓடல. சேலம் போற ரோட்டுல பெருந்துறை தாண்டி ஒரு லாரிய ஓவர்டேக் பண்ண மூணாவது கியர்ல முழுசா மிதிச்சேன். தகர டப்பாவுல கோலிகுண்டு போட்டு குலுக்குனா வருமே, அந்த சத்தம், ரெண்டு செகண்ட் கூட இருக்காது. அப்புறம் இழுவை செத்து வண்டி குலுங்குது, இன்ஜின் லைட் மின்னி மின்னி எரியுது, கண்ணாடில பாத்தா பின்னாடி நீல புகை. உள்ள பொண்ணும் வீட்டுக்காரியும் இருக்காங்க, பின்னாடி பஸ் ஒண்ணு ஹார்ன் அடிச்சுட்டே வருது, ஓரங்கட்டறதுக்குள்ள உயிர் போயி வந்துச்சு.

ரோட்டோரம் நின்னே கராஜுக்கு போன் போட்டேன். மொத பதில், "சாதா பெட்ரோல் போட்டிருப்பீங்க." இல்லீங்க, அவர் சொன்ன ப்ரீமியம் பெட்ரோல்தான் போட்டேன், பில்லு இருக்குன்னேன். அப்ப, "ஈ20 பிரச்சனை ப்ரோ, கவர்மென்ட்ட போயி கேளுங்க"ன்னாரு. இதுக்கு ஈரோட்டு பெரியவர் சொன்ன பதில எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து, எத்தனாலுக்கு 9 பங்குதான், அப்ப 20 சதவீதம் எத்தனால் கலந்தா அதே காத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா ஊத்தணும். பெருசான டர்போவுக்கு ஒருக்கா கூடுதல், ஈ20க்கு அதுக்கு மேல கூடுதல், பழைய இன்ஜெக்டர் முழுநேரமும் திறந்தே கிடந்தாலும் அவ்வளவு குடுக்க முடியாது. ஈ20ன்னு அவன் சாக்கு சொன்னானே, அதுதான் இன்ஜெக்டர கண்டிப்பா மாத்தியிருக்க வேண்டிய காரணம்.

அடுத்த நாள் கேட்டா, "பெர்ஃபார்மன்ஸ் பார்ட்ஸுக்கு உலகத்துல எங்கயும் வாரண்டி இல்ல." அதுக்கு அடுத்த நாள், "நான் ஊர்ல இல்ல, பசங்க ஏதோ பண்ணிட்டாங்க, வந்து பாக்கறேன்." நாலு நாள் கழிச்சு, "வண்டிய கொண்டாந்து விடுங்க, இன்ஜின் வேலைக்கு 1,80,000 ஆகும், உங்களுக்காக லேபர் குறைச்சுக்கறேன்." ஏற்கெனவே 2,60,000 வாங்குனவன்! அன்னைக்கே புது ரீல்ஸ் போடறான், வேற யாரோ ஒரு பையன் வண்டிக்கு சாவி குடுத்து கை குலுக்கிட்டு. அதுக்கு கீழ என் வண்டி என்னாச்சுன்னு கேட்டேன், கமென்ட் அழிஞ்சுது, சாயங்காலம் நம்பரே ப்ளாக்.

அப்புறம்தான் தெரிஞ்சவங்க சொல்லி வண்டிய ஈரோட்டுக்கு இழுத்துட்டு போனேன், டோ வண்டிக்கு மட்டும் 6,500. அந்த பெரியவர் அந்த காலத்துல ஃபியட் டீலர்கிட்ட வேலை பாத்தவரு. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) அளந்து பாத்தாரு, மத்த மூணு சிலிண்டர் நல்லா காட்டுது, மூணாவது மட்டும் 40 பிஎஸ்ஐ. காத்து குடுத்தா ஆயில் ஊத்தற மூடி வழியா புஸ்ஸுன்னு வருது. அப்பவே, "பிஸ்டன் போச்சு தம்பி"ன்னாரு. அப்புறம் இன்ஜெக்டர் ரெயிலோட போல்ட்ட டார்ச் அடிச்சு காட்டுனாரு. போல்ட்டோட காடி பூரா அழுக்கு இறுகி கிடக்கு. "இத பாருங்க, ஸ்பேனர் பட்ட தடம் இருக்குதா? வண்டி வந்ததுல இருந்து இத யாரும் தொடல."

ப்ளக்கும் பழசுதான். பூஸ்ட் ஏத்துனா ஒரு படி குளிர்ச்சியான ப்ளக் போட்டு இடைவெளியையும் குறைக்கணும், அதுக்கு 6,000 வாங்குனது வெறும் வாய்க்கணக்கு. ஃப்யூயல் பம்ப் பாக்கணும்னு பின் சீட்ட தூக்குனோம். பம்ப் மூடி மேல தூசி படிஞ்சு, அந்த தூசில ஒட்டிகிட்டு என் பொண்ணு எப்பவோ சீட் இடுக்குல சொருகுன கடலை மிட்டாய் கவர் கிடக்குதுங்க. அத பாத்ததும் எனக்கு பேச்சே வரல. 14,000 ரூபா பம்ப்புன்னு பில் போட்டவன் அந்த சீட்டகூட தூக்கல.

ஆயில் பைப் கதை இன்னும் மோசம். டர்போ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 2 லட்சம் சுத்து பக்கம் சுத்தற சாமான், ஆயில் படலத்துலதான் மிதக்குது, ஆயில் ஒரு நொடி கம்மியானாலும் பேரிங் தேயும். அதனாலதான் புது டர்போன்னா ஆயில் ஃபீட் பைப்பும் புதுசா போடணும்பாங்க, பழைய பைப்புக்குள்ள சூட்டுல ஆயில் கருகி கரியா ஒட்டியிருக்கும். இவன் பழைய பைப்பையே தொடச்சு மாட்டியிருக்கான். பேன்ஜோ போல்ட் (ஆயில் உள்ள போற ஓட்டை போட்ட போல்ட்) ஓட்டைக்குள்ள பெரியவர் குண்டூசி விட்டு பாத்தாரு, பாதிக்கு மேல போகல. ஆயில் திரும்பற பக்கம் கேஸ்கட்டுக்கு பதிலா செவப்பு சீலன்ட்ட பிதுக்கி வச்சிருக்கான், அது பிஞ்சு உள்பக்கம் புழு மாதிரி தொங்குது. 1,05,000 ரூபா டர்போ, 1,100 கிலோமீட்டர்ல ஷாஃப்ட் கைக்கு ஆடுது. டர்போ மட்டும் நெசமாவே புதுசு, நெசமாவே பெருசு, அத பெரியவரும் சொன்னாரு. பானெட்ட தூக்குனா கண்ணுக்கு தெரியறது ரெண்டே ரெண்டு, டர்போவும் இன்டர்கூலரும், அந்த ரெண்ட மட்டும் போட்டிருக்கான். கண்ணுக்கு தெரியாத இடத்துலதான் இன்ஜினோட உயிர் இருக்கு, அங்கதான் 61,000 ரூபாய சுருட்டியிருக்கான், அதனால போனது முழு 2,60,000 ரூபாயும் இன்ஜினும்.

டர்போ மாத்த நினைக்கறவங்களுக்கு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல, முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். கழட்டுன பழைய இன்ஜெக்டர், ப்ளக், பம்ப், ஆயில் பைப் எல்லாத்தையும் அன்னைக்கே உங்க கைல வாங்குங்க, குடுக்கலன்னா மாத்தலன்னு அர்த்தம். புதுசு மாட்டறதுக்கு முன்னாடி பார்ட் நம்பர உங்க போன்ல நீங்களே போட்டோ எடுங்க. டைனோ போடறப்ப பக்கத்துல நில்லுங்க, ஷீட்டுல உங்க வண்டி நம்பர், தேதி இருக்கா, கிராஃப் உங்க ரெட்லைன் (இன்ஜின் சுத்தலாம்ங்கற உச்ச வேகம்) வரைக்கும் போகுதான்னு பாருங்க. பூஸ்ட்ல ஏஎஃப்ஆர் 12 பக்கம் இருக்கணும், 13, 14ன்னு ஏறுதுன்னா மிதிக்காதீங்க, அந்த லாக்க குடுக்க மாட்டேன்னு சொன்னா பணத்த குடுக்காதீங்க. கோலிகுண்டு சத்தம் ஒருக்கா கேட்டாலும் கால எடுத்துருங்க. பில் இல்லாம ஒத்த ரூபா வேண்டாம். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லாம மாடிஃபை பண்ணா நாளைக்கு க்ளெய்ம்ல மடக்குவாங்க, அதையும் யோசிச்சுக்கங்க.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சாச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடறதுக்கு, குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாதுன்னு வக்கீல் சொன்னாரு. பில் இல்லாட்டியும் யூபிஐ ரசீதும் அந்த வாட்ஸப் கணக்கும் போதும்னாரு. பெரியவர் என்னென்ன பாத்தேன்னு கைப்பட எழுதி கையெழுத்து போட்டு குடுத்திருக்காரு. நோட்டீஸ் திங்கக்கிழமை ஸ்பீட் போஸ்ட்ல போகுது. அதே கராஜுல இதே மாதிரி பணம் குடுத்தவங்க யாராவது இருந்தா, ரெயில் போல்ட்ட ஒருக்கா டார்ச் அடிச்சு பாத்துட்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்தே போடலாம். அப்பாகிட்ட 2,60,000ன்னு இன்னும் சொல்லல, வண்டி எப்ப வரும்னு காலைலயும் கேட்டாரு.