உப்புச் சாலைகளுக்கு ஒரு பழைய பிக்கப்: டகோமாவா, ஃபிரண்டியரா, ரிட்ஜ்லைனா?

மிச்சிகனில் டெட்ராய்ட்டின் புறநகர் ஒன்றில் வசிக்கும் நான், அலுவலகம், கடைகண்ணி, பிள்ளைகளின் பள்ளி என அன்றாடம் ஓட்டுவதற்கும், அவ்வப்போது மரச்சட்டங்களோ தோட்டத்து மண்ணோ ஏற்றுவதற்கும் ஏற்ற பழைய பிக்கப் ஒன்றைத் தேடி, கடைசியில் 2014ஆம் ஆண்டு நிஸான் ஃபிரண்டியரை வாங்கினேன். டொயோட்டா டகோமாவையும் ஹோண்டா ரிட்ஜ்லைனையும் ஓட்டிப் பார்த்து, விலை விசாரித்து, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வந்தேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று சொல்ல மாட்டேன். ஃபிரண்டியர் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வரடோ போன்ற பெரிய பிக்கப் வண்டிகளைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டேன். அன்றாடப் பயன்பாட்டுக்கு அவ்வளவு பெரிய உடம்பு தேவையில்லை; அலுவலகத்தின் அடுக்குப் பார்க்கிங்கில் திருப்புவதும் சிரமம். 2015 முதல் எஃப்-150இன் உடல் அலுமினியம் என்பதால் துருப் பயமே இல்லை என்று பலர் சொல்வதுண்டு. உடல் அலுமினியம் என்பது உண்மை. ஆனால் அதை அடியிலிருந்து தாங்கும் சட்டமான ஃப்ரேம் எஃகுதான், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அங்கே தன் வேலையைக் காட்டத்தான் செய்யும்.

எஞ்சின்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. இரண்டாம் தலைமுறை டகோமாவின் 4.0 லிட்டர் வி6 எஞ்சினுக்கு 236 குதிரைத்திறன், ஃபிரண்டியரின் 4.0 லிட்டர் வி6 எஞ்சினுக்கு 261. எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க, இரண்டிலும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கிறது. ஒழுங்காக ஆயில் மாற்றி வந்தால் இரண்டுமே இரண்டு லட்சம் மைலைத் தாண்டக்கூடியவை. நம்பகத்தன்மை என்ற பேச்சு எழுந்தாலே எல்லோரும் எஞ்சினையும் ஓடோமீட்டரையும்தான் பார்க்கிறார்கள். எங்கள் பகுதியில் ஒரு பிக்கப்பின் ஆயுளை முடித்துவைப்பது பெரும்பாலும் அந்த இரண்டும் அல்ல, ஃப்ரேம்தான்.

குளிர்காலத்தில் இங்கே சாலைகளில் கல்லுப்பைத் தூவுவதோடு நில்லாமல் உப்புக் கரைசலையும் தெளிக்கிறார்கள். அது ஃப்ரேமின் மடிப்புகளிலும் பற்றவைத்த இணைப்புகளிலும் ஏறி, சேற்றோடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது. கடுங்குளிரில் மெதுவாக நடக்கும் அரிப்பு, வெப்பநிலை உறைநிலைக்கு மேலே ஏறியதும் வேகமெடுக்கிறது. போதாக்குறைக்கு, பென்சில்வேனியாவில் இருப்பதுபோல் ஆண்டுதோறும் வண்டியைச் சோதித்துச் சான்றளிக்கும் கட்டாயம் மிச்சிகனில் கிடையாது. உளுத்துப்போன ஃப்ரேமோடு ஒரு வண்டி தடையின்றி ஓடிக்கொண்டிருக்கலாம், தடையின்றி விற்கப்படவும் செய்யலாம். அதனால் இங்கே ஒரு பழைய பிக்கப்பின் வயதை மைல் கணக்கில் அளப்பதைவிட, அது எத்தனை குளிர்காலங்களைக் கண்டிருக்கிறது என்று கேட்பதே சரி.

டகோமா என்ற பெயருக்கு இருக்கும் மதிப்பு நியாயமானதுதான். ஆனால் அதே பெயரோடு துருவின் வரலாறும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் ஃப்ரேமுக்குத் துரு சார்ந்த உத்தரவாதத்தை 2008இல் டொயோட்டா 15 ஆண்டுகளாக நீட்டித்தது. பிறகு 2005 முதல் 2010 வரையிலான டகோமாக்களையும், டொயோட்டாவின் மற்ற வண்டிகளான டண்ட்ரா, செக்கோயாவின் சில ஆண்டு மாடல்களையும் சேர்த்து எழுந்த கூட்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. டொயோட்டா தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், ஃப்ரேமில் ஓட்டை விழுந்த வண்டிகளுக்குப் புது ஃப்ரேமையே மாற்றிக்கொடுத்தது. அந்தக் காப்புக்காலம் இப்போது முடிந்துவிட்டது; இன்று அந்த ஆண்டுகளின் டகோமாவை வாங்குபவர் செலவைத் தாமே சுமக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் டகோமாவின் விலை இறங்குவதில்லை என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்தது. நான் பார்த்த விளம்பரங்களில், வயதும் மைலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது டகோமா ஃபிரண்டியரைவிடப் பல ஆயிரம் டாலர் கூடுதலாக இருந்தது. அதாவது ஒரு பழைய டகோமாவின் விலைக்கு நான்கைந்து ஆண்டுகள் புதிய ஃபிரண்டியர் கிடைத்துவிடும். நான்கைந்து ஆண்டுகள் புதிது என்றால், நான்கைந்து குளிர்காலங்களின் உப்பைக் காணாத ஃப்ரேம் என்று பொருள். ஃபிரண்டியருக்குத் துருவே பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. அதன் ஃப்ரேம் முழுக்க மூடிய பெட்டி வடிவம் கொண்டது என்பதால், உள்ளே தங்கும் சேறு வெளியே தெரியாமல் அரிக்கவும் கூடும். ஆனால் பெயருக்குத் தரும் பணத்தை இளைய ஃப்ரேமுக்குத் தருவதே அறிவுடைமை என்று எனக்குப் பட்டது.

எந்த வண்டியானாலும் ஃப்ரேமைப் பார்க்கும் முறை ஒன்றுதான். பின் அச்சைத் தாங்கும் பட்டை வில்லான லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை ஃப்ரேமோடு சேரும் இடம், பின் அச்சுக்கு மேலே ஃப்ரேம் வளையும் இடம், ஸ்டெப்னி டயர் தொங்கும் இடத்தின் மேற்பகுதி ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். உளுத்த எஃகு மந்தமாக ஒலித்து, செதில் செதிலாக உதிரும். ஒரு விற்பனையகத்தில் நான் பார்த்த பழைய பிக்கப்பின் அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தது. லீஃப் ஸ்பிரிங் தாங்கிக்கு அருகே ஸ்க்ரூடிரைவரின் நுனியை அழுத்தியபோது, வண்ணத்தோடு சேர்ந்து தகடும் உள்ளே போனது. விற்பனையாளர் அதை வெறும் மேற்பரப்புத் துரு என்றார். அடிப்பகுதி மட்டும் புத்தம் புதிதாக மின்னும் பழைய வண்டியைப் பார்த்தால் விலகி வந்துவிடுவதே நல்லது.

ஃபிரண்டியரை வாங்குவதானால் ஆண்டைக் கவனித்து வாங்க வேண்டும். 2005 முதல் 2010 வரையிலான ஆட்டோமேட்டிக் வண்டிகளில், ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் டிரான்ஸ்மிஷன் கூலர் உடைந்து, கூலண்டும் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் கலந்து கியர்பாக்ஸையே பாழாக்கும் கோளாறு பரவலாக அறியப்பட்டது. அதே காலத்து எஞ்சின்களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்து சீழ்க்கை போன்ற ஓசை எழுவதும் உண்டு. அதனால் 2011க்குப் பிந்திய வண்டிகளை மட்டுமே பார்த்தேன். 2005இல் வந்த அதே அமைப்பை 2019 வரை பெரிய மாற்றமின்றி இதே 4.0 லிட்டர் எஞ்சினோடு நிஸான் விற்றதால், உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. எந்தச் சிறிய ஒர்க்‌ஷாப்பிலும் இதைக் கழற்றிப் பழகிய மெக்கானிக் கிடைப்பார். குறைகளும் வெளிப்படையானவை. உள்ளமைப்பு பழையது, திருப்பப் பெரிய வட்டம் வேண்டும், நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஆட்டோமேட்டிக்கின் அதிகாரபூர்வச் சராசரியே கேலனுக்கு 17 மைல்தான். டகோமாவும் இதில் பெரிதாக மேலில்லை, அதற்கு 18.

அன்றாட ஓட்டத்தின் சுகத்தை மட்டும் பார்த்தால் ரிட்ஜ்லைன்தான் முதலிடம். கார்களைப் போல உடலும் ஃப்ரேமும் ஒன்றான அமைப்பு, பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன், சரக்குத் தளத்துக்கு அடியில் பூட்டக்கூடிய டிக்கி, இரண்டு விதமாகத் திறக்கும் பின்கதவு என, குடும்பத்தோடு ஓட்டுபவருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. 2017 மாடலின் நான்கு சக்கர இயக்க வண்டி கேலனுக்குச் சராசரியாக 21 மைல் தரும். இதில் டைமிங் பெல்ட் என்பதால், ஒரு லட்சம் மைலையொட்டி வரும் பெல்ட், வாட்டர் பம்ப் மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். நான் இதை ஓட்டிப் பார்த்ததோடு சரி. பல குளிர்காலங்கள் வைத்திருந்தவர்கள் சொல்வதற்கு என் கருத்தைவிட மதிப்பு அதிகம். என்றாலும் ஒன்றைச் சொல்லலாம்: இவ்வகை உடலின் தாங்கு பகுதிகளைத் துரு தின்றுவிட்டால், டகோமாவுக்குச் செய்ததுபோல் தனியே ஃப்ரேமை மாற்றும் வழி கிடையாது. என் பட்ஜெட்டுக்குள் கிடைத்த ரிட்ஜ்லைன்கள் எல்லாம் முதல் தலைமுறையைச் சேர்ந்த, பல குளிர்காலங்கள் கண்ட வண்டிகள்.

டகோமாவே வேண்டும் என்பவர்கள், ஃப்ரேம் மாற்றப்பட்டதற்கான டீலர் ரசீதோடு வரும் வண்டியையோ, அரிசோனா, டெக்ஸஸ் போன்ற, சாலையில் உப்பு அதிகம் தூவாத மாநிலங்களிலேயே பதிவாகி ஓடியதென்று, வண்டியின் பழைய வரலாற்றைத் தரும் கார்ஃபாக்ஸ் அறிக்கை காட்டும் வண்டியையோ தேடலாம். திரும்ப விற்கும்போது அது தரும் விலையை என் ஃபிரண்டியர் தராது என்பதை அறிந்தேதான் வாங்கினேன். விற்கும் எண்ணத்தில் வாங்கவில்லை. மிச்சமான பணத்தின் ஒரு பகுதி, ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஃப்ரேமின் உள்ளும் புறமும் லேனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கலந்த எண்ணெய் தெளிப்பதற்குப் போகிறது. ரப்பர் போல் இறுகும் பூச்சைத் தவிர்க்கிறேன். அதில் விரிசல் விழுந்தால் ஈரம் உள்ளே சிக்கி, பூச்சின் மறைவிலேயே துரு வளரும். தெளிப்பதற்கு முன் ஃப்ரேமின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திச் சேற்றை வெளியேற்றி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, நன்றாகக் காயவிடுவது அவசியம்.