வீட்டுக்கு வீடு அல்ட்ராசோனிக் தண்ணீர் மீட்டர்: வாங்குங்கள், வால்வ் வைத்த மாடல் மட்டும் வேண்டாம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் பொருத்தி ஒரு முழுக் கோடை தாண்டிவிட்டது. சங்கத்தில் தண்ணீர்க் கணக்கு என் பொறுப்பு. மீட்டரைத் தேர்ந்தெடுத்தது முதல் மாதாமாதம் பில் போடுவது வரை நான்தான் பார்க்கிறேன். வாங்கலாமா என்று யோசிக்கும் மற்ற சங்கங்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுத் தொட்டியிலிருந்து தண்ணீர் பகிர்ந்துகொள்ளும் எந்தக் கட்டடமும் இதை வாங்க வேண்டும். அதுவும் அடுத்த வறட்சி வருவதற்கு முன்பே. சாதாரண நாளில் எந்த வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்ற கணக்கு கையில் இல்லாமல், தொட்டி காலியான பிறகு பங்கீடு பேச உட்கார்ந்தால் சண்டைதான் மிஞ்சும்.

முன்பெல்லாம் மொத்தத் தண்ணீர்ச் செலவைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டோம். வீட்டின் பரப்பு ஒன்றாக இருந்தால், இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே தொகை. பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவருக்கு அதனால் சல்லிக்காசு மிச்சமில்லை. இந்த ஏற்பாட்டில் யாரையும் சிக்கனமாக இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சந்தையில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. பழைய வகையில் உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அது சுற்றுவதை வைத்துக் கணக்கு. அல்ட்ராசோனிக் வகையில் சுற்றும் பாகமே கிடையாது. தண்ணீர் ஓடும் திசையில் ஓர் ஒலி அலை, எதிர்த்திசையில் ஓர் ஒலி அலை. ஆற்றோடு நீந்துபவர் சீக்கிரமும் எதிர்த்து நீந்துபவர் தாமதமாகவும் கரை சேர்வது போல, இரண்டும் போய்ச் சேரும் நேரத்தில் ஒரு நுண்ணிய வித்தியாசம் வரும். அதை அளந்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறது. விலை சக்கர மீட்டரைவிடக் கூடத்தான். சங்கக் கூட்டத்தில் அதை வைத்தே நிறைய எதிர்ப்பு வந்தது.

கூடுதல் விலை எதற்கு என்பது மெலிதான ஒழுகலில்தான் தெரியும். மீட்டரின் முகப்பில் ஆர் 80, ஆர் 160, ஆர் 400 என்று ஓர் எண் இருக்கும். கடைக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஆனால் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மீட்டரின் வழக்கமான உச்ச ஓட்டத்தை இந்த எண்ணால் வகுத்தால் வருவது, அது துல்லியத்துக்கு உத்தரவாதம் தரும் மிகக் குறைந்த ஓட்டம். மணிக்கு 2,500 லிட்டர் வரை தாங்கும் 15 மில்லிமீட்டர் மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர் 80 என்றால் மணிக்குச் சுமார் 31 லிட்டருக்குக் கீழே போகும் ஓட்டத்துக்கு அது பொறுப்பேற்காது. ஆர் 400 என்றால் சுமார் 6 லிட்டர் வரை பிடிக்கும். வீடுகளில் சத்தமில்லாமல் ஒழுகும் தண்ணீர் பல நேரம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கும்.

ஓர் உதாரணம். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் நடு இரவிலும் ஓட்டம் பூஜ்யத்துக்கு வரவில்லை. மணிக்கு 12 லிட்டர், கோடு போட்டது போல, இரவும் பகலும் ஒரே அளவு. சாவி வைத்திருந்த உறவினரை வரச்சொல்லி உள்ளே போனோம். எந்தக் குழாயும் சொட்டவில்லை, தரை காய்ந்து கிடந்தது. பிளம்பர் பிளஷ் டேங்க் மூடியைத் திறந்து கொஞ்சம் நிறப்பொடி கலந்து விட்டார். பிளஷ் பண்ணாமலே சற்று நேரத்தில் கோப்பையின் பின்சுவரில் நூல் மாதிரி நிறம் இறங்கியது. அடியில் இருந்த ரப்பர் வாஷர் கெட்டித்து, ஓரம் சுருண்டிருந்தது. சத்தமே இல்லாத ஒழுகல். வீட்டில் ஆள் இருந்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மணிக்கு 12 லிட்டர் என்றால் நாளுக்கு 288 லிட்டர். 2018 பிப்ரவரி 1 முதல், வறட்சியில் தவித்த தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வைத்தது. குளியல், சமையல், துவையல், கழிவறை எல்லாம் அதற்குள். கிட்டத்தட்ட ஆறு பேருடைய பங்கு யாருக்கும் பயனில்லாமல் ஒரு வாஷர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 2019 ஜூலையில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து வந்த முதல் ரயில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. இதே மாதிரி 8,700 பிளஷ் டேங்குகள் ஒழுகினால் ஒரே நாளில் அந்த ரயில் காலி. பல லட்சம் கழிவறைகள் உள்ள பெருநகரத்தில் 8,700 என்பது ஒரு எண்ணிக்கையே அல்ல. புது அணை, கடல்நீர் ஆலை என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வாஷர்தான் ஞாபகம் வருகிறது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. வளரும் ஊருக்கு அவையும் தேவை. ஆனால் கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். வாஷர் மாற்ற அரை மணி நேரம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் தலைவலி, ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது. எங்கள் கட்டடத்தில் சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனிக் குழாய் என்று மேல்நிலைத் தொட்டியிலிருந்து வெவ்வேறு வழியில் இறங்குகின்றன. ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு மீட்டர் வேண்டும். வாங்கும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை நுழைவு என்று எண்ணிப் பாருங்கள். விற்பவர் வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டு விலை சொல்வார்.

அடுத்து, மேல்மாடி. தொட்டிக்கு நேர் கீழே இருப்பவர்களுக்குத்தான் அழுத்தம் மிகக் குறைவு. தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது வெறும் 0.3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அதில் மீட்டரும் அதன் முன்னால் உள்ள வடிகட்டியும் கொஞ்சம் தின்றுவிடும். மேல்மாடிக்காரர்கள் ஷவரில் தண்ணீர் வரவில்லை என்று புகார் செய்தது நியாயம்தான். வடிகட்டியைக் கழற்றினால், குழாய் அறுத்தபோது விழுந்த பிளாஸ்டிக் சுருள் அடைத்துக் கிடந்தது. பொருத்தும் முன் குழாயை நன்றாக அலசிவிடச் சொல்லுங்கள். மேல்மாடிக்கு 15க்குப் பதில் 20 மில்லிமீட்டர் மீட்டர் போடுங்கள். நாங்கள் அப்படி மாற்றிய பிறகு புகார் நின்றது.

குழாயில் காற்று வந்தால் சக்கர மீட்டர் அதையும் தண்ணீராக எண்ணிச் சுற்றும். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஊர்களில் இது உண்மையான பிரச்சினை. அல்ட்ராசோனிக் அப்படிச் சுற்றாது, குழாய் காலி என்று குறி காட்டும். ஆனால் குழாய் பாதி நிரம்பி ஓடினால் அதுவும் குழம்பும். அதனால் எப்போதும் தண்ணீர் நிரம்பி நிற்கும் இடத்தில்தான் பொருத்த வேண்டும். மேலே உள்ள அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் நேரில் நின்று பாருங்கள். எங்களுக்குப் பொருத்திய ஆட்கள் சிலவற்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். பேட்டரி உள்ளேயே அடைத்து வைத்திருப்பதால் அது தீரும்போது மீட்டரையே மாற்ற வேண்டிவரும். பத்து ஆண்டுக்கு மேல் வரும் என்கிறார்கள். அதற்கான பணத்தைச் சங்கம் இப்போதிலிருந்தே ஒதுக்க வேண்டும்.

மீட்டரைவிட அதனோடு வந்த செயலிதான் என்னைக் கோபப்படுத்தியது. விற்ற நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எங்கள் வீடுகளின் தண்ணீர்க் கணக்கு அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. மாதத் தொகை தெரியும், மணிவாரி விவரத்தை அட்டவணையாகக் கேட்டால் தனிக் கட்டணம் என்றார்கள். ஒழுகல் எச்சரிக்கை தாமதமாக வந்தது. மணிவாரி விவரம் என்பது யார் எப்போது வீட்டில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடும் விவரம், அது யார் கண்ணில் படலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கணக்கு உங்களுக்குச் சொந்தம் என்ற வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி அந்த வால்வ். முன்பணம் தீர்ந்தாலோ நாளின் அளவு தாண்டினாலோ தானாகவே தண்ணீரை நிறுத்தும் மோட்டார் வால்வ் வைத்த மாடலும் கிடைக்கிறது. பாக்கி வசூலுக்கு வசதி என்று எங்கள் கூட்டத்தில் பலர் விரும்பினார்கள். நான் கடைசிவரை எதிர்த்தேன். ஜோகன்னஸ்பர்க்கில் ஃபிரி என்ற ஏழைகள் வாழும் பகுதியில் முன்பண மீட்டர் வைத்தார்கள். வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம், தீர்ந்தால் குழாய் நின்றுவிடும். ஒரே வளாகத்தில் நிறையப் பேர் வாழ்ந்த குடும்பங்களுக்கு அது மாதம் முழுக்கப் போதவில்லை. வழக்கு தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2009ல் மாநகராட்சியின் ஏற்பாடு சட்டப்படி செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது. சட்டப்படி செல்லும் என்பதற்காக, கைக்குழந்தையோ படுத்த படுக்கையான முதியவரோ இருக்கும் வீட்டின் தண்ணீரை ஒரு பெட்டி நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது. பாக்கி வைத்தவரிடம் போய்ப் பேசுவது சங்கத்தின் வேலை.

நிறுத்தாமலே குறைக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2014ல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகருக்குத் தண்ணீர் தரும் கந்தரேரா நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, பயன்பாட்டை 20 சதவீதம் குறைத்தவர்களுக்குப் பில்லில் 30 சதவீதம் தள்ளுபடி தந்தார்கள். அடுத்த ஆண்டு கூடுதலாகச் செலவழித்தவர்களுக்கு மேல்கட்டணம் போட்டார்கள். ஆனால் முழுக் கட்டடத்துக்கும் ஒரே பில் வரும் இடத்தில், சேமித்தவர் கைக்குத் தள்ளுபடி எப்படி வந்து சேரும்? பிரேசில் 2016ல் புதுக் கட்டடங்களில் வீட்டுக்கு வீடு மீட்டர் கட்டாயம் என்று சட்டம் இயற்றி, 2021ல் அதை அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய கட்டடங்களில் பின்னால் பொருத்துவது எவ்வளவு பாடு என்று பட்டுப் பார்த்தவள் நான். கட்டும்போதே ஒரு வீட்டுக்கு ஒரே நுழைவாகக் குழாய் போடுவதற்கு விதி வேண்டும். ஊர் வளரும் வேகத்தில் இந்த ஒன்றைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகள் அளக்க முடியாதபடி கட்டி முடிக்கப்படுகின்றன.

கேப் டவுன் 2015ல் நாளுக்குச் சுமார் 120 கோடி லிட்டர் செலவழித்தது. 2018ல் அது சுமார் 50 கோடிக்கு இறங்கியது. கட்டணம், அழுத்தக் குறைப்பு, பயம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. அவரவர் அளவு அவரவருக்குத் தெரிந்திருந்ததும் அதில் ஒரு காரணம் என்று நம்புகிறேன். எங்கள் கட்டடத்திலும் முதல் பில் போன மாதமே ஆட்கள் தாமாக வந்து என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள்: "அக்கா, எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" முன்பு யாரும் கேட்டதே இல்லை.

மீட்டருக்கு ஐந்துக்கு நான்கரை, செயலிக்கு இரண்டு.

தனி வீட்டில் இருந்து, மாநகராட்சி மீட்டர் ஏற்கெனவே இருந்தால் இதற்குச் செலவழிக்காதீர்கள். இரவு படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் யாரும் பிளஷ் பண்ணாமல், மொட்டைமாடித் தொட்டியும் நிரம்பாமல் இருந்து, காலையில் எண் நகர்ந்திருந்தால் முதலில் பிளஷ் டேங்கைத் திறந்து பாருங்கள். அப்புறம் தரைக்குள் போகும் குழாயை.